ஆயுதம் கேட்டு வந்தவர்களுக்குப் போட்ட பந்தி

ஹோட்டலில் பரிமாறுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்ற ஒரு கை நீளும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறாள், அவளுக்கும் இரண்டு காது இருக்கிறது என்று பெரிய மனிதர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் கல்யாணத்தில் சம்பந்திகள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிக்கொள்வதிலிருந்து, கம்பெனி முதலாளிகள் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொள்வது வரைக்கும் எல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. ஒரு தடவை ஏவுகணை பேரமும் விழுந்தது.

ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஹோட்டல் அது. அங்கே விருந்து மண்டபத்துக்கு நான் கேப்டன். கேப்டன் என்றதும் கப்பலை நினைக்காதீர்கள். மேசை போடுவது, ஆட்களை நிறுத்துவது, எந்தத் தட்டு எப்போது வெளியே போக வேண்டும் என்று சொல்வது, அவ்வளவுதான். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் கறுப்புக் கோட்டு போட்டு, மண்டபத்தின் நடுவில் நின்று விரலசைத்தால் ஆட்கள் நகர்ந்தார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்? எனக்கு மேலே சூப்பர்வைசர் வேலை இருந்தது. அதுவரை ஒரு தமிழச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்த வருஷம் எனக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அறிவிப்பார்கள் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

மேனேஜர் குளுவாங்கிலிருந்து வந்த கத்தோலிக்கத் தமிழர், என்னைவிடச் சின்னவர். ஆட்கள் முன்னால் அவர் எனக்கு பாஸ். ஆளில்லாத இடத்தில் அவர் தம்பி, நான் அக்கா. எனக்காக மேலிடத்தில் வாதாடியவர் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரம் மண்டபத்தை எடுத்தவர்கள் வாசலில் 'வர்த்தகக் கூட்டம்' என்று பலகை வைத்தார்கள். வர்த்தகமாவது மண்ணாவது! வந்தவை இரண்டு நாடுகள். ஒன்று பெரியது, ஆயுதம் கொடுக்கிற நாடு. இன்னொன்று சின்னது, வருஷக்கணக்காகப் போரில் மாட்டிக்கொண்டு, ஆயுதம் கேட்டு வந்த நாடு. இரண்டும் கூட்டாளிகள். எந்தெந்த நாடு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவரவர் கட்சி கட்டிக்கொண்டு என்னைத்தான் திட்டுவீர்கள்.

கூட்டாளிகள் என்றால் எப்படிப்பட்ட கூட்டாளிகள்? ஒரே லிஃப்டில் ஏற மாட்டார்கள். பெரிய நாட்டுக்காரர்கள் நான் விரித்த மேசைத் துணியைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தார்கள். சின்ன நாட்டுக்காரர்கள் முதல் நாள் நான் ஊற்றிய தண்ணீரைத் தொடவில்லை, சொந்த பாட்டிலில் குடித்தார்கள். மேசைக் கொடிகளில் ஒன்று விரற்கடை உயரமாக இருந்தது என்று அரை மணி நேரம் முணுமுணுப்பு. நான் போய் வேறு தாங்கி கொண்டுவந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி முதலில் போகவில்லை என்று கல்யாணத்தில் நடக்குமே, அதே கூத்துதான். பேசியது ஆங்கிலத்தில், இரண்டு பக்கத்துக்கும் அது சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. அதனால் எனக்கு நன்றாகவே புரிந்தது.

சின்ன நாட்டுக்காரர்களுக்குத் தலைவர் நரைத்த, ஒல்லியான மனிதர். வந்த நாளிலிருந்து ஒரே சாம்பல் நிறக் கோட்டு. அவரோடு வந்தவர்களில் ஒரு பெண் இருந்தார். அவருடைய கைப்பேசி அடிக்கடி ஒரு மாதிரி உறுமும். உடனே அந்தப் பக்கம் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் திரையைப் பார்த்து ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்வார். பிறகு பேச்சு தொடரும். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் நாள்தான், அது அவர்கள் நாட்டில் குண்டு வருகிறது என்று சொல்லும் சங்கு என்று புரிந்தது. ஜொகூர் பாருவில் ஏசி குளிரில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவில் இப்போது விழப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் பாவம்.

அவர்கள் கேட்டது வானத்தில் வருவதைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணை. கொடுக்கிறோம், கப்பலில்கூட ஏற்றியாகிவிட்டது என்றார்கள் பெரிய நாட்டுக்காரர்கள். ஆனால் உங்கள் துறைமுகம் எங்கள் கைக்கு வர வேண்டும், அதுவும் இன்றைக்கு நாளைக்கு இல்லை, உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும். கையெழுத்து போட்டால் கப்பல் நகரும். போடாவிட்டால் அது நிற்கிற இடத்திலேயே நிற்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் உதவி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்மில் கேலியாகச் சொல்வார்கள். அந்தப் பழமொழி ஆள் உருவம் எடுத்து, கழுத்துப் பட்டை கட்டி உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விருந்துக்கு எங்கள் ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. செஃப்பும் மற்ற மலாய் ஆண்களும் முன்கூட்டியே சமைத்து, சூடு ஆறாத பெட்டியில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை சமையலறை என் பொறுப்பு. எப்பேர்ப்பட்ட விருந்தாளி வந்தாலும் இது மாறாது. அன்றும் செஃப் இரண்டு பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்று பெரிய மண்டபத்துக்கு, ஒன்று சின்ன நாட்டுக்காரர்கள் தனியாகப் பேசப் போயிருந்த சின்ன அறைக்கு, இரண்டிலும் ஒரே சாப்பாடுதான் என்று மலாயில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சிவப்புக் குழம்பில் கோழி, மீன், கீரை, நெய்ச்சோறு.

அவர் போன கையோடு பெரிய நாட்டின் ஏற்பாட்டாளர் உள்ளே வந்தார். எப்போதும் நீலக் கோட்டு போட்டிருப்பார், அதனால் எங்களுக்குள் அவர் பெயர் நீலக் கோட்டு. "மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு இப்போதே பரிமாறுங்கள். சின்ன அறைக்கு நான் சொல்லும்வரை எதுவும் போகக் கூடாது. காப்பி மட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "பேச்சு முக்கியமான கட்டத்தில் இருக்கிறது" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. காலை விடிந்ததும் பேச உட்கார்ந்தவர்கள் அவர்கள். காப்பியைத் தவிர வேறெதுவும் வயிற்றுக்குப் போகவில்லை. கையெழுத்து போடாமல் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று சின்ன அறைக்குப் போனவர்களைப் பட்டினி போட்டுப் பார்க்கிறார்கள். பெரிய நாட்டுக் குழுத் தலைவருக்கு இது தெரிந்திருக்குமா என்றுகூட எனக்குச் சந்தேகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற மாதிரி, இந்த நீலக் கோட்டின் சொந்த மூளையாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தால் என்ன, பட்டினி பட்டினிதானே.

வேலை வேலைதான் என்று முதல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அடுக்களையிலிருந்து மண்டபத்துக்குப் போகும் வழி ஒடுக்கமானது, சின்ன அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. சக்கரச் சத்தம் கேட்டு அந்த நரைத்த மனிதர் எழுந்து வந்து, கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அந்தப் பெண் மேசையில் கிடந்த காகிதங்களை அவசரமாக அள்ளி ஓரம் வைத்தார், தட்டு வைக்க இடம் வேண்டுமே என்று. என்னைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சாரி சார், இது வேற ரூமுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினேன். அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. மண்டபத்தில் நெய்ச்சோற்றை வைத்த கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

பந்தி வஞ்சனை ஆகாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார்கள், பந்தியில் ஒருத்தனுக்கு வைத்து ஒருத்தனுக்கு மறைத்தவனை விடமாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு அன்னதானத்தில், தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் குடும்பம் உட்கார்ந்த வரிசைக்கு வடை போய், எங்கள் வரிசைக்கு வரவில்லை. என் அம்மா பால்மரம் வெட்டிய கையால் என் தோளைப் பிடித்துத் தூக்கி, "எந்திரிடி, நாம பிச்சைக்கு வரல" என்று இலையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். எனக்கு அகோரப் பசி. வழியெல்லாம் அம்மாவைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். கிராணி வீட்டு ஆட்கள் பின்னாலேயே வடைத் தட்டோடு ஓடி வந்தும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

காலி வண்டியோடு சமையலறைக்கு வந்தால், மேனேஜர் நின்றிருந்தார்.

"தம்பி, சின்ன ரூமுக்குச் சாப்பாடு போகுது" என்றேன்.

"அலமாக்! ஜங்கான் லா அக்கா, வேணாம். அவன் சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதான் போகுது."

"ஹால் எடுத்தது அவங்க அக்கா."

"ஹால் எடுத்தா அடுத்தவன் வயித்தையும் சேர்த்தா எடுத்துக்கிட்டாங்க?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை உங்க பேரு வருது. நான் எவ்ளோ அடிச்சுப் பேசி வாங்கியிருக்கேன் தெரியுமா? இவங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க. இன்னைக்கு முறைச்சுக்குவாங்க, நாளைக்குக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துக்குவாங்க. நடுவுல பூந்தா நசுங்குறது நாமதான்."

சொன்னதில் ஒரு பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நசுங்குனா நசுங்கிட்டுப் போறேன் தம்பி. நீங்க என்னைப் பாக்கல. அவ்வளவுதான்."

பண்டார் தெங்காராவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து என்னோடு பரிமாறும் கூட்டாளி ஒருத்தி, என் வயசுக்காரி, வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். "நானும் வரேன்" என்றாள். "நீ ஒண்ணும் வர வேணாம். நேரா பாத்ரூமுக்குப் போ. கேட்டா வயித்துவலின்னு சொல்லு" என்று விரட்டினேன். வேலை போவது என் ஒருத்தியோடு போகட்டும்.

சின்ன அறைக்குள் வண்டியைத் தள்ளியதும் யாரும் எழவில்லை, சிரிக்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்கள் அல்லவா? நான் தட்டுகளை வைக்க ஆரம்பித்ததும் நரைத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். "இதை அவர்களா அனுப்பினார்கள்?"

"இல்லை. சமையலறையிலிருந்து வருகிறது."

"என்ன நிபந்தனை?"

கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் கண்ணில் கிண்டல் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! "கண்டிஷனா? சோத்துக்கா? அடக் கடவுளே, உங்கள இப்படியெல்லாமா பழக்கி வச்சிருக்காங்க?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில், "நிபந்தனை இல்லை. சாப்பிடுங்கள் சார்" என்றேன். அவர் தன் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள்.

சிரித்தும் ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார், அவர் வந்து உட்காரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அட, இவர்களுக்கும் பந்தி தெரிகிறதே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே கேப்டன் வேலையை மறந்து, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவளாகிவிட்டேன். ஹோட்டலில் ஒரு தடவை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பந்தியில் அப்படியா? போதும் என்றால் வை என்று அர்த்தம், கையால் இலையை மறைத்தால் இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம். நரைத்தவர் போதும் போதும் என்று தட்டின் மேல் கையை வைத்தார். நான் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி கோழிக் குழம்பை ஊற்றினேன். பாதி தட்டில், பாதி அவருடைய சாம்பல் கோட்டின் கைமுனையில்! நான் பதறிப்போய்த் துடைக்கப் போனால், அவர் வாயில் சோற்றோடு கையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார்.

அந்த நேரம் பார்த்து நீலக் கோட்டு வாசலில் வந்து நின்றார். யார் சொல்லி என்று கேட்டார். நான்தான் என்றேன். "இப்போதே எடுத்துக்கொண்டு வெளியே போ" என்றார். "பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்ப மாட்டேன், நீங்கள் வேண்டுமானால் எழுப்பிப் பாருங்கள்" என்றேன். என் ஆங்கிலம் அந்த அளவுக்கு அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் அவர்களைப் பார்த்தார், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்தார்கள். அவர் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் பேச்சு மறுபடி தொடங்கியது. குழம்புக் கறையோடு அந்தக் கோட்டுக் கை மேசைமேல் இருந்தது. துறைமுகம் இல்லை என்று நரைத்தவர் சொன்னார். கத்தவில்லை, கெஞ்சவில்லை, வேறு எதை வேண்டுமானாலும் பேசலாம், அது மட்டும் இல்லை என்றார். பேச்சு நின்றது.

அதற்கப்புறம் என்ன, இடி என் தலையில். சோதிக்காத சாப்பாட்டைப் பாதுகாப்பு அறைக்குள் கொண்டு போனாள், வாடிக்கையாளர் உத்தரவை மீறினாள் என்று நீலக் கோட்டு மேலிடம்வரை போய்விட்டார். மேனேஜர் என்னைச் சாமான் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். பாவம், முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு சாரி. டீ டைமுக்கு ரெண்டு பக்கமும் மண்டபத்துல இருப்பாங்க. எல்லார் முன்னாலயும் பெரிய நாட்டுக்காரங்ககிட்டப் போயி, என் தப்புதான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிடுங்க. திங்கக்கிழமை வேலை உங்களுக்குத்தான். மேலிடமே சொல்லிருச்சு. சொல்லலைன்னா அது போச்சு, இருக்கிறதும் போச்சு."

அவர் இன்னொன்றும் கேட்டார். "அவங்க சாப்பிடாம இருந்திருந்தா கையெழுத்து போட்டிருப்பாங்க. கப்பல் கிளம்பியிருக்கும். இப்ப அது போகாம அங்க நாலு பேர் செத்தா, அது யார் கணக்குல அக்கா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அந்தப் பெண்ணின் கைப்பேசி உறுமியது நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வி இன்றைக்கும் குத்துகிறது. ஆனால் ஒன்று தெரியும். கப்பலில் ஏற்றி வைத்துக்கொண்டு நகர்த்தாமல் நிற்கிறவனை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, சோறு போட்டவளைக் கேட்கிறார்கள். அந்த நியாயத்துக்கு நான் தலையாட்ட மாட்டேன். "கப்பலை நிறுத்துனவன் கணக்குல எழுதச் சொல்லுங்க" என்றேன். பிறகு, "வாங்க, மன்னிப்பு கேக்கிறேன்" என்றேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் இரண்டு கூட்டமும் இரண்டு ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றன. நீலக் கோட்டு என்னைக் கண்டதும் தன் தலைவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் திரும்பி, பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டையும் நினைத்தேன், அந்தச் சூப்பர்வைசர் நாற்காலியையும் நினைத்தேன். அவர்களைத் தாண்டி நடந்தேன். மறு ஓரத்தில் நின்ற நரைத்தவர் முன்னால் போய் நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் சார். இன்று உங்கள் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை. என் மண்டபத்தில் இப்படி நடந்ததே இல்லை."

நரைத்தவர் தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். நான் கோட்டில் குத்தியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். கொஞ்ச காலம் வீட்டில் இருந்தேன், ஊர்வாய் என்னென்னவோ சொன்னது. இப்போது தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பரிமாறுகிறேன். அங்கே கோட்டு இல்லை, ஏசி இல்லை, வரிசையில் முந்துகிறவனைத் திட்டும் உரிமை மட்டும் முழுசாக இருக்கிறது.

பல மாதம் கழித்து மேனேஜர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். எங்கோ ஒரு நாட்டில், எங்கோ ஒரு மேடையில், அந்த இரண்டு நாடுகளும் கையெழுத்து போட்டுவிட்டுக் கை குலுக்குகின்றன. செய்தியைப் படித்தேன். துறைமுகமும் போயிருந்தது. பெரிய மனிதர்களுக்கு நடுவில் நரைத்தவரும் நின்றார், இளைத்துப்போயிருந்தார். படத்துக்குக் கீழே மேனேஜர் குரலில் ஒரு செய்தி.

"பாத்தீங்களா அக்கா? கடைசியில போட்டுட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல? உங்க வேலைதான் போச்சு."

மத்தியான வரிசை நீண்டுகொண்டிருந்தது. கரண்டியை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னேன்.

"ஆமா தம்பி, போட்டுட்டாங்க. ஆனா அன்னைக்கு என் மண்டபத்துல, பசியில போடல."